இந்தியச் சாப்பாடு என்று ஒன்று

1

இந்தியச் சாப்பாடு என்பதை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது என் அறுபத்தேழாவது வயதில், இங்கிலாந்தில். அதற்கு முன் அறுபத்து நான்கு வருடம் இந்தியாவில் இருந்திருக்கிறேன். அங்கே அப்படி ஒன்று இல்லை. எங்கள் வீட்டுச் சாப்பாடு இருந்தது. திருவாடானைக் கோயில் தெருவில் ஓட்டல் சாப்பாடு இருந்தது. திருப்பாலைக்குடியில் முஸ்லிம் நண்பர்கள் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு இருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் போனால் மிளகாய் இரண்டு கூடும், குழம்பு ஒரு கரண்டி குறையும். இந்தியச் சாப்பாடு என்று சொல்லி எனக்கு எவரும் இலை போட்டதில்லை. அதைப் பார்க்க ஆறாயிரம் மைல் கப்பலில் வர வேண்டியிருந்தது.

இன்றோடு இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம். ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அங்கே எப்படி இருக்கிறது? இப்படித்தான் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுகிறேன். மாடியிலிருந்து இறங்கப் பதினான்கு படி. சமையலறை ஜன்னலில் நாற்பத்தொரு புகைபோக்கி தெரியும், முப்பத்தெட்டில் புகை வரும். சோறும் ரசமும் நானே வைக்கிறேன். பத்து மணிக்குப் பூங்கா வரை நடக்கிறேன், எழுநூற்று இருபது அடி. வழியில் பார்ப்பவர்கள் எல்லோரும் வானிலையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறார்கள். மூன்று வருடமாக அதே வாக்கியம். மழை பெய்துகொண்டிருக்கும்போதே, மழை வரும்போல் இருக்கிறது என்கிறார்கள்.

திருவாடானை தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். படிவம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. ஆனால் இந்த ஊர் வைத்தியசாலையில் கொடுத்த படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று அங்கிருந்த பெண்மணி பிடிவாதம் பிடித்ததால், என் தகப்பனார் பெயரை எழுதினேன். அன்று முதல் கருப்பையா, கருப்பையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்பது வருடத்துக்கு முன் காலமான என் அய்யாவுக்கு இங்கே இரண்டு முறை இருமல் மருந்து கொடுத்திருக்கிறார்கள். பல் ஒன்றும் பிடுங்கியிருக்கிறார்கள்.

2

என் மகன் சேதுராமன், வயது முப்பத்திரண்டு, இங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவன். அவன் அம்மா போன பிறகு நான் தனியாக இருக்க வேண்டாம் என்று அழைத்துக்கொண்டான். நல்ல பிள்ளைதான். ஆனால் தகப்பன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் ‘தேங்க்யூ’ என்கிறான். உப்பை நகர்த்தினால் ‘தேங்க்யூ.’ கதவைத் திறந்தால் ‘தேங்க்யூ.’ ஒரு விடுமுறை நாளில் எண்ணினேன், இருபத்து மூன்று. பெற்றவனுக்கும் பஸ் கண்டக்டருக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

அந்தத் தொழிற்சாலையிலேயே தட்டச்சு செய்யும் டோரத்தி என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள அவனுக்கு விருப்பம். என் வாக்கு இல்லாமல் கட்டமாட்டேன் என்று அவளிடமும் சொல்லிவிட்டான், என்னிடமும் சொல்லிவிட்டான். இரண்டு வருடமாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காததற்குப் பதினொரு காரணம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் காரணம், பேரன் பிறந்தால் என்னோடு எந்தப் பாஷையில் பேசுவான் என்பது. மற்ற பத்தும் அதையே வேறு வேறு விதமாகச் சொல்வதுதான்.

போன வாரம் சேது வந்து நின்றான்.

“அய்யா, வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் டோரத்தியோட அய்யா நம்மளச் சாப்புடக் கூப்புட்டுருக்காரு.”

“அவுக வீட்டுலயா?”

“இல்ல, கடையில. இந்தியச் சாப்பாட்டுக் கடை. ஒங்களுக்குன்னே தேடிப் புடிச்சிருக்காரு.”

“அவுக கையால சாப்புட்டா என்ன அர்த்தம்னு அவருகிட்டச் சொன்னியாலே?”

“அவுகளுக்கு அதெல்லாம் கெடையாதுய்யா. சாப்புட்டா பசி போச்சுன்னு அர்த்தம்.”

“நமக்கு இருக்குல்ல?”

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“ரெண்டு வருசமாக் காத்துக் கெடக்காய்யா. இந்த ஞாயித்துக்கெழமயோட உண்டு இல்லன்னு சொல்லிருன்னுட்டா. நீங்க வேணாம்னா நானே வேணாம்னு சொல்லிர்றேன். வந்து ஒரு தடவ பாத்துட்டாவது சொல்லுங்க.”

“வாரேன். உக்காருவேன். தண்ணி குடிப்பேன். அம்புட்டுத்தான்.”

“தேங்க்யூ அய்யா” என்றான். அன்றைக்கு அது பன்னிரண்டாவது.

3

நகரத்தில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் சம்பந்தத்துக்கு ஐந்து படி. முதலில் ஆள் விட்டுக் கேட்பது. இரண்டாவது பெண் பார்ப்பது. அங்கே தண்ணீர் குடிக்கலாம், சோறு கூடாது. மூன்றாவது, சம்மதம் என்றால் பெண் வீட்டார் போடும் சோற்றில் கை நனைப்பது. நாலாவது, பெண் வீட்டார் மாப்பிள்ளை பக்கம் வந்து சாப்பிடுவது. அன்று மாப்பிள்ளையின் தகப்பன் தன் கையால் முதல் சோறு பரிமாற வேண்டும். பரிமாறிவிட்டால் இரண்டு பக்கமும் பேச்சு மாற முடியாது. ஐந்தாவது நாள் குறிப்பது. இதில் எங்குமே பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. சோறுதான் சாட்சி.

சுதந்திரம் வந்த வருடம், ஐப்பசி மழையில், என் அக்கா மகனுக்குப் பெண் பார்க்க முதுகுளத்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்குப் போனோம். ஒன்பது பேர். பஸ் சேற்றில் நின்றுவிட்டது. கரிசல் மண் காலில் அப்பிக்கொள்ள ஏழு மைல் நடந்தோம். அவர்கள் கிடாய் வெட்டியிருந்தார்கள். மசாலா வாசனை ஊர் எல்லையிலேயே எங்களை வரவேற்றது. பெண் லட்சணமாகத்தான் இருந்தாள். பெண்ணின் அண்ணன் பேசிய பேச்சு எனக்கு ஒப்பவில்லை. எழுந்துவிட்டேன். நான் எழுந்ததால் ஒன்பது பேரும் எழுந்தார்கள்.

பெண்ணின் தகப்பனார் கையில் கரண்டியோடு கண்மாய்க் கரை வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

“சம்பந்தம் வேணாங்க. அத விடுங்க. பசிக்கு ஒரு வாய் சாப்புட்டுப் போங்க.”

நியாயமான பேச்சுதான். ஆனால் பசிக்குச் சாப்பிடுவது என்று ஒரு படி எங்கள் ஐந்து படிகளில் இல்லை. திரும்பவும் ஏழு மைல் நடந்தோம். என் அக்கா புருஷன் வழியெல்லாம் என்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்: “ஒரு தொடைக்கறிய முழுங்கிட்டு வேணாம்னு சொல்லிருந்தா வானமாய்யா இடிஞ்சு விழுந்துரும்?” அவரும் தொடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒன்பது பேரில் ஒருவர்கூட ஒரு பருக்கை தொடவில்லை.

அப்படிப்பட்டவனைத்தான் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குக் கூட்டிப் போனார்கள்.

4

சிவப்புச் சுவர்க் காகிதம். தாஜ்மகால் படம் மூன்று. யானை பொம்மை ஐந்து, அதில் ஒன்றுக்குத் தும்பிக்கை இல்லை. பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடி விளக்கு ஏற்றியிருந்தார்கள். இந்தியர்கள் இருட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கைத்துண்டைக் கொக்கு மாதிரி மடித்துக் கண்ணாடித் தம்ளருக்குள் சொருகி வைத்திருந்தார்கள்.

டோரத்தியின் தகப்பனார் திரு. ஹாரிஸ் ரயில்வேயில் சிக்னல் இழுப்பவர். இருப்பது ஒரே ஒரு கோட்டுதான் என்று பார்த்ததும் தெரிந்தது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வந்ததிலிருந்து வெளியே போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் மூவருக்கும் இந்தியச் சாப்பாடு அதுதான் முதல் தடவை. எனக்கும் முதல் தடவை. ஐந்து பேரில் சேது மட்டும் பழகியவன். ஆனால் அவர்கள் மூவரும் என்னிடம்தான் விளக்கம் கேட்டார்கள்.

என்னவென்று விளக்குவது? அட்டையில் அறுபத்தெட்டு அயிட்டம் இருந்தது. சோற்றையும் அப்பளத்தையும் தவிர ஒன்றுகூட நான் கேள்விப்பட்டதில்லை. மெட்ராஸ் என்று ஒன்று. அது ஊர் இல்லை, காரத்தின் அளவாம். அதற்கு ஒரு படி கீழே சிலோன். நான் இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறேன். இந்தக் கடையில் வைத்திருந்த பொருளை எந்த இடத்திலும் பார்த்ததில்லை. கடைசியில் உருளைக்கிழங்கு வறுவலும் முட்டை ஆம்லெட்டும். திருமதி ஹாரிஸ் அதைக் கண்டதும் முகம் மலர்ந்து, இந்தியச் சாப்பாட்டில் தமக்கு அதுவே போதும் என்றார்.

முதலில் அப்பளம் வந்தது. சோறு வரவில்லை, சாம்பார் வரவில்லை, வெறும் அப்பளம். கத்தியும் முள்கரண்டியும் வைத்து அதை அறுத்தார்கள். பிறகு மூன்று கிண்ணத்தில் மூன்று நிறத்தில் குழம்பு வந்தது. நிறம்தான் மூன்று, அண்டா ஒன்று என்பதை வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். மேலே வாழைப்பழத் துண்டும் உலர்ந்த திராட்சையும் போட்டிருந்தார்கள். பழத்தைக் குழம்பில் போடுகிற ஊர் இந்தியாவில் எங்கே இருக்கிறது என்று பரிமாறிய இளைஞனைக் கேட்டேன். அவன் கிழக்குப் பாகிஸ்தான்காரன். எனக்கும் தெரியாது, இங்கே வந்துதான் பார்த்தேன் என்றான். ஆக, இந்தியச் சாப்பாட்டை விற்பவனும் இந்தியன் இல்லை.

எனக்கு முன்னால் வைத்த தட்டைத் தள்ளி வைத்தேன். உடம்பு சரியில்லை, தண்ணீர் போதும் என்றேன். இதற்குப் பிறகு பேசியது எல்லாம் ஆங்கிலத்தில், நான் தமிழில் எழுதுகிறேன்.

“காரம் கூடிவிட்டதோ?” என்றார் ஹாரிஸ்.

“இல்லை.”

“வேறு கறி கொண்டுவரச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்.”

“புதன்கிழமையே நான் வந்து சொல்லிவிட்டுப் போனேன்” என்று அவர் சேதுவைப் பார்த்துச் சொன்னார். “ஓர் இந்தியப் பெரியவர் வருகிறார், அவர் ஊரில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும் என்று.” அவர் காது சிவந்துவிட்டது. திருமதி ஹாரிஸ் கைப்பையைத் திறந்து ஜீரண மாத்திரை இரண்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். டோரத்தி சேதுவைப் பார்த்தாள், பிறகு முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கத்தையெல்லாம் அவன் அவளிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறான்.

5

தட்டு தொடாமல் திரும்பிப் போனது சமையல்காரருக்குக் கோபம். உள்ளேயிருந்து அவரே வந்துவிட்டார். குள்ளமான மனிதர், ஐம்பது வயது இருக்கும், பனியனுக்கு மேல் ஏப்ரன். கப்பலில் கொதிகலனுக்கு நிலக்கரி தள்ளியவர் என்று பிறகு தெரிந்தது. முன்கையில் ஏழெட்டுத் தீத்தழும்பு. ஆங்கிலம் என்னைவிட மோசம்.

“என்ன சாச்சா? என் சாப்பாட்டுக்கு என்ன குறை?”

திருப்பாலைக்குடி முஸ்லிம் வீடுகளில் சித்தப்பாவைச் சாச்சா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லை இங்கே கேட்பேன் என்று நினைக்கவில்லை.

“உடம்பு சரியில்லை.”

அவர் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். சேதுவை, டோரத்தியை, ஹாரிஸின் கோட்டை, மாத்திரையை. கடைசியாக என்னை.

“பையனுக்குத் தகப்பனா?”

“ஆமாம்.”

“அவங்க பொண்ணு வீடு?”

நான் தண்ணீர் குடித்தேன்.

“பேச்சு இன்னும் முடியல?”

இன்னொரு மடக்குக் குடித்தேன். அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“ஓ! எங்க ஊரிலும் இதே! என் மாமனார் வீட்டில் என் தகப்பன் ஒரு வருஷம் வெற்றிலைகூட வாங்கவில்லை!” ஹாரிஸின் தோளைத் தட்டினார். “ஐயா, உடம்பு நல்லாதான் இருக்கு. இது கிழட்டுத் திமிர். வேற வியாதி இல்ல.”

உள்ளே போனவர் ஒரு பீங்கான் தட்டோடு திரும்பி வந்தார். விளிம்பு உடைந்த தட்டு, கடைத் தட்டு இல்லை. அது மேசைக்கு வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது.

கருவாடு.

மூன்று வருடத்தில் அந்த வாசனை என் மூக்குக்கு வந்ததில்லை. போன வருடம் என் மகள் ஊரிலிருந்து சீலாக் கருவாடு ஒரு பொட்டலம் அனுப்பினாள். துறைமுக அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம்தான் வந்தது. அழுகிய பிராணியின் பாகங்கள் இருந்ததாகவும், பணியாளர்களின் நலன் கருதி எரித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். எரித்தபோது அந்தத் துறைமுகத்தில் எத்தனை பேருக்குப் பசி எடுத்தது என்று எழுதவில்லை.

“இது அவங்க வாங்கினது இல்ல” என்றார் சமையல்காரர். “கடைச் சோறும் இல்ல. என் சோறு. எனக்கு வச்சுக்கிட்டது. சாப்பிடு சாச்சா, இதுக்கு எந்த வாக்கும் கிடையாது.”

பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து கோடிக்குப் போய்விட்டார்கள். அடுத்து இன்னொரு மேசை. பரிமாறும் இளைஞன் அவரை அவர்கள் பாஷையில் ஏதோ வைதான். நான் யோசித்துப் பார்த்தேன். பெண் வீட்டார் போட்ட சோறு இல்லை. எவர் வீட்டுச் சோறும் இல்லை. மூன்றாவது படி இதைத் தடுக்காது. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

குறை இரண்டு இருந்தது. புளி இல்லை, எண்ணெய் கடுகெண்ணெய். மற்றபடி மிளகாயைக் கிள்ளிப் போட்டு, பூண்டைத் தட்டிப் போட்டு, கருவாடு முள்ளில் ஒட்டாமல் வெந்திருந்தது. ஆறு வாய் சாப்பிடும் வரை நான் தலை நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது ஹாரிஸ் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு மனிதர் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் பக்கத்து ஆளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. இடது கையில் ஒரு கரண்டியை எடுத்தேன். நான் கை வைக்காத பாதியிலிருந்து சோறும் இரண்டு துண்டுக் கருவாடும் எடுத்து, அவர் தட்டில் இருந்த மெட்ராஸை ஓரம் தள்ளிவிட்டுப் போட்டேன். அப்படியே டோரத்திக்கும் போட்டேன். அவள் அம்மாவுக்கு வாசனை ஆகவில்லை என்று தெரிந்ததால் அரைக் கரண்டி, ஆம்லெட்டுக்குப் பக்கத்தில்.

“அய்யா” என்றான் சேது.

“என்னலே?”

“ஒண்ணுமில்லய்யா. போடுங்க.”

அவன் குரலைக் கேட்ட பிறகுதான் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தேன். பெண் வீட்டார் மூன்று பேர். மாப்பிள்ளையின் தகப்பன். முதல் சோறு. மூன்றாவது படியில் கால் வைக்காமல் நேராக நாலாவது படியில் ஏறி நிற்கிறேன்.

தட்டிலிருந்து திருப்பி எடுக்க முடியாது. அவர்களோ சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஹாரிஸ் ஏழு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் கண்ணில் தண்ணீர், ஐந்தாவது வாயில் மூக்கு, கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஏழாவதையும் முடித்து, தட்டின் அந்தப் பாதியை வழித்தெடுத்துவிட்டார். டோரத்தி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு விளிம்பில் வைத்தாள்.

“எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் கேட்டுவிட்டது.

“பயங்கரமாக நாறுகிறது” என்றாள். “ஆனால் இன்னும் கொஞ்சம் வேண்டும்.”

அன்று அந்தக் கடையில் நான் கேட்ட ஒரே உண்மையான பேச்சு அது. மிச்சமிருந்ததில் பாதியைப் போட்டேன்.

6

வீட்டுக்கு வரும் பஸ்ஸில், ஆறாவது நிறுத்தத்தில் சேது என் பக்கம் திரும்பினான்.

“நீங்க பரிமாறிட்டீங்கய்யா” என்றான்.

“கருவாடுதாம்லே போட்டேன்.”

“சோத்தோடதான் போட்டீக.”

“அது நம்ம சோறு இல்ல. அந்தாளு சோறு.”

“போட்டது ஒங்க கைதான?”

அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் ஏறினார்கள், இரண்டு பேர் இறங்கினார்கள். தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருடத்தில், கையை விட்டுப் போன உத்தரவை நான் ஒரு தடவைகூடத் திரும்பக் கேட்டதில்லை.

“ஒன் அக்காளுக்குக் கடிதாசி எழுதிரு” என்றேன். “தை மாசத்துல நாள் பாக்கச் சொல்லு. இங்கன இருக்கிறவுகளுக்குத் தையும் தெரியாது மாசியும் தெரியாது.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. ‘தேங்க்யூ’ சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தோன்றுகிறது. அந்தத் தட்டில் இருந்தது சமையல்காரர் தமக்கென்று வைத்துக்கொண்ட ஒரு ஆள் சாப்பாடு. அதை நாங்கள் நாலு பேர் சாப்பிட்டு முடித்தோம். அடுப்படியில் வேறு கருவாடு இருந்திருந்தால் அந்த மனிதர் அதையும் கொண்டுவந்து கொட்டியிருப்பார், கொண்டுவரவில்லை. ஆகவே என் மகனின் சம்பந்தம் முடிவதற்காக, பாவம், அன்று மத்தியானம் அவர் அந்த இந்தியச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருப்பார்.